கடற்கோட்டைக் காவல் – 7: பத்தாவியரின் பேரப்பிள்ளைகள்

ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லெய்டன். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கில வரைபடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவை ஒல்லாந்தரோடு வந்து ஒல்லாந்தரோடு போய்விட்டன.

சென்ற இதழில் பார்த்த போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுக்களின் தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். இறங்கிய இடத்தில் கண்ணில் பட்டதைச் சொன்ன பெயர் அது. 1658இல் வந்தவர்களோ தீவுகளைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து வைத்தார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தாய்நாட்டில் ஆறு நகரங்களில் சபைகள் இருந்தன: அம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்குயிசன். கப்பல் கட்டியதும் முதல் போட்டதும் இலாபம் பிரித்ததும் இந்தச் சபைகள்தான். அவற்றில் நான்கின் பெயர்கள் மேலே சொன்ன தீவுகளில் நிற்கின்றன. பனையும் முருகைக்கல்லும் மீன்வாடியும் இருந்த கரைகளுக்குப் பங்குகாரரின் ஊர்ப்பெயர்களைச் சூட்டினால் பங்குகாரர் மகிழ்வார்கள். அந்தக் காலத்து விளம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

லெய்டன் அந்த ஆறில் சேராத நகரம். கம்பனிச் சபை அங்கே இருந்ததில்லை. நெசவுக்கும் 1575இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் பெயர் போன ஊர் அது. அங்கே அச்சான இலத்தீன் நூல்களின் முகப்பில் ஊரின் பெயரை ‘லுக்டுனும் பத்தாவோரும்’ என்று போடுவார்கள். பத்தாவியரின் லுக்டுனும் என்பது பொருள். உரோமப் பேரரசின் வடக்கு எல்லையில், றைன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் லுக்டுனும் என்றொரு காவல் நிலையம் இருந்தது. தங்கள் ஊரே அது என்று லெய்டன் அறிஞர்கள் நம்பி, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த நிலையம் இருந்தது சில மைல் தள்ளி, கட்வெய்க் கடற்கரையில் என்பதே பிற்கால ஆய்வாளரின் முடிவு. 1520இல் கடல் பின்வாங்கியபோது அங்கே ஒரு உரோமக் கோட்டையின் சுவர்கள் வெளியே தெரிந்தன. பிறகு அவற்றைக் கடல் கொண்டுபோய்விட்டது.

ஆக, கடல் விழுங்கிய ஓர் உரோம எல்லைக் கோட்டையின் பெயரைத் தப்பாகச் சூடிக்கொண்ட நகரம் லெய்டன். அந்த நகரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது நம் ஊர்காவற்றுறை. இந்த அத்தியாயம் அந்த வழியில் கொஞ்சத் தூரம் பின்னோக்கிப் போய்த் திரும்பும். தீவகத்துக் கதையை எதிர்பார்த்து வந்த வாசகர் சிறிது பொறுக்க வேண்டும். 1658இல் கடற்கோட்டையில் ஏறியவர்கள் தங்களை யாரென்று நினைத்துக்கொண்டு ஏறினார்கள் என்பது தெரியாமல் அவர்கள் இங்கே செய்தவை விளங்கா.

பத்தாவியர் என்பவர்கள் றைன் ஆற்றின் கழிமுகத் தீவில் வாழ்ந்த ஒரு குலம். உரோமர் அவர்களை அடக்கியபோது ஒரு வித்தியாசமான ஏற்பாடு செய்துகொண்டார்கள். வரி இல்லை, ஆள் தந்தால் போதும். போருக்கென்று ஒதுக்கி வைத்த ஆயுதங்களைப் போல அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் தாசித்தசு எழுதுகிறார். ஆயுதத்தோடும் குதிரையோடும் ஆற்றை நீந்திக் கடப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அதனால் உரோமர் தங்கள் எல்லைகளெங்கும் பத்தாவியப் படையணிகளை அனுப்பினார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட ஒன்பதாவது பத்தாவிய அணி கி.பி. 100 அளவில் பிரித்தானியாவின் வடக்கே விந்தொலாந்தா என்னும் கோட்டையில் இருந்தது. ஆட்ரியன் சுவர் எழுவதற்கு இருபது ஆண்டுக்கு முந்திய காலம். அந்தக் கோட்டையின் ஈரமண்ணுக்குள் 1973இல் மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. தபால் அட்டை அளவு. அவற்றின் மேல் மையினால் எழுத்து. நம் ஏட்டுச் சுவடிகள் ஈரத்தில் ஓராண்டு தாங்கா. இவை பத்தொன்பது நூற்றாண்டு ஈரத்திலேயே கிடந்து பிழைத்தன, காற்றுப் புகாத சேறு காப்பாற்றியதால்.

பேரரசின் விளிம்பில் நின்ற ஒரு படையாளின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதற்கு இவற்றைவிட நேரான சாட்சி உலகில் குறைவு. ஒருவனுக்குக் காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதாக ஓர் ஏடு சொல்கிறது. மஸ்க்லுஸ் என்ற அதிகாரி, தன் ஆட்களுக்குப் பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்று அணித்தலைவன் செரியாலிசுக்கு எழுதுகிறான். கிளௌடியா செவெரா என்ற பெண், செப்டெம்பர் 11ஆம் திகதி தன் பிறந்தநாளுக்கு வரும்படி செரியாலிசின் மனைவி லெப்பிடினாவை அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தன் எழுதியிருக்கிறான். கடைசி வரிகளை அவளே தன் கையால் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண்ணின் கைப்பட எழுதிய இலத்தீனில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. இன்னோர் ஏட்டில் உள்ளூர்ப் பிரித்தானியரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அவர்களைச் சின்னத்தனமாகக் குறிக்கும் ஒரு சொல்லால் அந்தக் குறிப்பு சுட்டுகிறது.

அந்தச் சொல்லை எழுதியவன் யாராக இருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் அவனுடைய பாட்டனையும் உரோமர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். செரியாலிசின் முழுப்பெயர் பிளாவியுஸ் செரியாலிஸ். பிளாவியுஸ் என்பது உரோமப் பேரரசக் குடும்பத்தின் பெயர். குடியுரிமை கிடைத்தபோது வந்தது. காட்டுத்தீவுக் குலத்தின் பிள்ளை இலத்தீன் பெயர், இலத்தீன் எழுத்து, இலத்தீன் விருந்து எல்லாவற்றையும் ஏற்று, இன்னொரு காட்டுக் குலத்தை மேலிருந்து பார்க்கிறான். எல்லைப் படை மனிதனுக்குச் செய்யும் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். அவனுக்கு ஒரு புது அடையாளம் தருகிறது. அதற்கு விலையாக, தன் கீழே ஒருவனைக் காட்டச் சொல்கிறது.

அங்கிருந்து கிழக்கே, தைன் ஆற்று முகத்துவாரத்தில் சவுத் சீல்ட்ஸ் என்னும் இடத்தில் ஒரு கல்லறைக்கல் கிடைத்தது. சிரியாவின் பால்மைரா நகரத்தைச் சேர்ந்த பராத்தஸ் என்பவன் தன் மனைவி ரெஜினாவுக்கு எடுத்த கல். அவள் தென்பிரித்தானியக் குலமொன்றைச் சேர்ந்தவள். அவனுடைய அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டு மனைவியானவள். முப்பது வயதில் இறந்தாள். கல்லில் அவள் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் நூற்கும் கதிரும் கம்பளி நூல் கூடையும் நகைப்பெட்டியும். சிற்பத்தின் சாயல் பால்மைராவுடையது. கீழே இலத்தீனில் வாசகம், அதில் பிழைகள். அதற்கும் கீழே பால்மைரா எழுத்தில் ஒரே வரி, பிழையில்லாமல், ஓடிய கையெழுத்தாய். ஊர் முழுக்க அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கியிருப்பார்கள். இருந்தும் அந்த வரியை வெட்டச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறான் பராத்தஸ்.

இனி ஒல்லாந்துக்கு வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பானியரை எதிர்த்துக் கிளம்பிய ஒல்லாந்தருக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டது. ஸ்பானிய அரசனுக்கு முன்பும் நாங்கள் இருந்தோம், எவருக்கும் அடிபணியாதவர்களாய் இருந்தோம் என்று காட்ட வேண்டும். தாசித்தசின் நூலில் அவர்களுக்குக் கிடைத்தவர்கள் பத்தாவியர். கி.பி. 69இல் பத்தாவியர் உரோமரை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். தலைவன் யூலியுஸ் சிவிலிஸ், ஒற்றைக் கண்ணன். இருபத்தைந்து ஆண்டு உரோமப் படையில் வேலை பார்த்தவன்; பெயரே உரோமப் பெயர். இரவில், புனிதச் சோலையில், விருந்து என்று சொல்லி ஆட்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கினான். அந்தக் கிளர்ச்சி அடங்கிப்போனது என்பதை ஒல்லாந்தர் அவ்வளவாக நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. உரோமருக்காக இவர்கள் எத்தனை நாடுகளில் காவல் நின்றார்கள் என்பதையும்தான். சட்ட அறிஞர் குரோத்தியுஸ் 1610இல் பத்தாவியக் குடியரசின் தொன்மை பற்றி ஒரு நூலே எழுதினார். 1619இல் யாவாவில் கம்பனி பிடித்த ஊருக்குப் பத்தாவியா என்று பெயர் வைத்தார்கள். அதே 1619இல்தான் அரசன் சங்கிலியனைப் பிடித்துப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தமதாக்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்து நம் தீவுகளுக்கான கட்டளைகள் பத்தாவியாவிலிருந்து வரத் தொடங்கின. இன்றைய ஜகார்த்தா அது.

அம்ஸ்டர்டாமில் 1655இல் புதிய நகரமண்டபம் திறந்தார்கள். அதன் கூடத்துச் சுவர்களில் பத்தாவியக் கிளர்ச்சியைப் படம் படமாக வரையத் திட்டம். வேலையை ஏற்ற ஓவியர் ஹோவர்ட் பிளிங்க் 1660இல் இறந்துபோக, ஒரு படம் ரெம்பிராண்டிடம் வந்தது. அவர் சிவிலிசின் இரவுச் சத்தியத்தை வரைந்தார். மற்ற ஓவியர்கள் சிவிலிசைப் பக்கவாட்டில் காட்டிக் குருட்டுக் கண்ணை மறைப்பது வழக்கம். ரெம்பிராண்ட் அந்தக் குழிந்த கண்ணை நேராக நம்மைப் பார்க்க வைத்தார். மேசையைச் சுற்றிக் குடித்துச் சிவந்த முகங்கள், வாளின் மேல் வாள். 1662க்குள் படத்தை இறக்கிவிட்டார்கள். காரணம் எழுதி வைக்கப்படவில்லை. படத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். நகரத் தந்தையர் கேட்டது கண்ணியமான மூதாதையரை. ரெம்பிராண்ட் கொடுத்தது உண்மையான சதிகாரரை. பெரிய துணியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து விற்றார். அது இன்று ஸ்டொக்ஹோமில் இருக்கிறது.

இந்தப் படத்தின் தேதியை மனதில் வைத்துக்கொண்டு 1658க்கு, யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள்.

ஒல்லாந்தத் தளபதி றைக்லொஃப் வன் கூன்ஸ் மன்னாரைப் பிடித்துக்கொண்டு தரைவழியே வந்து யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவில் கடலில் நின்ற போர்த்துக்கேயக் கோட்டை, நாம் கடற்கோட்டை என்று சொல்வது, அந்த முற்றுகைக் காலத்தில் முதலில் விழுந்தது. சண்டையில் தோற்றதைவிடத் தண்ணீரில்லாமல் தோற்றது என்பதே சரி. மணல்திட்டின் மேல் கட்டிய கோட்டை, சுற்றிலும் கடல், குடிக்க ஒரு வாளி நல்ல தண்ணீர் கிணற்றில் இல்லை. யூன் மாதம் பெரிய கோட்டையும் சரணடைந்தது. கடற்கோட்டைக்கு ஒல்லாந்தர் ஹமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இலங்கையின் வரைபடம் அவர்களுக்குப் பன்றித் தொடை இறைச்சி போலத் தெரிந்ததாம். இது அதன் குதிக்கால்.

கோட்டை விழுந்த சில மாதங்களுக்குள் ஒரு சதி. தோற்ற போர்த்துக்கேயரில் ஒரு பகுதியினரை ஒல்லாந்தர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வன் கூன்ஸ் பெரும்படையோடு நாகபட்டினம் பக்கம் போயிருந்ததால் யாழ்ப்பாணத்தில் காவல் மெலிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, சேர்ந்தவர்களில் சிலரும் உள்ளூர்ப் பிரமுகர் சிலரும் இரகசியமாகக் கூடி, ஒல்லாந்த அதிகாரிகளைக் கொன்று கோட்டையைத் திருப்பிப் பிடிக்கத் திட்டமிட்டார்கள். தொன் மனுவேல் அந்திராதோ என்னும் முதலியார் அதை வெளிப்படுத்தினார். கொடூரமான தண்டனைகள் நடந்தன. சதி தெரிந்தும் சொல்லவில்லை என்ற குற்றத்துக்காகக் கல்தெய்ரோ என்ற யேசுசபைக் குருவின் தலை வெட்டப்பட்டது. இவ்வளவையும் நமக்கு எழுதி வைத்தவர் அந்தப் படையோடு வந்த போதகர் பிலிப்புஸ் பல்தேயுஸ்.

இரவுக் கூட்டம், சத்தியம், அந்நியப் படையில் வேலை செய்துகொண்டே அந்நியரைக் கவிழ்க்கும் எண்ணம். அம்ஸ்டர்டாமில் இதைச் செய்தவன் தேசத்தின் தந்தை. அவனுக்குச் சுவரில் படம். யாழ்ப்பாணத்தில் செய்தவனுக்குக் கொலைமேடை. இரண்டுக்கும் இடையில் மூன்று நான்கு ஆண்டுதான். பத்தாவியரின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் நம் கரையில் இறங்கியபோது உரோமராகத்தான் இறங்கினார்கள். அதுவும், உரோமரைவிடக் கறாரான உரோமர். பத்தாவியருக்கு உரோமர் வரி விலக்குக் கொடுத்து ஆளை மட்டும் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்திடம் கம்பனி தலைவரி, நிலவரி, அதிகாரி வரி என்று வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஊழியத்துக்கு ஆளும் கேட்டது. சாயவேர் கிண்டவும், முருகைக்கல் சுமக்கவும், யானை ஏற்றவும், கோட்டை கட்டவும் கூலியில்லாத கைகள். கோட்டைச் சுவர்களைப் பார்த்து ஒல்லாந்தரின் கட்டடக்கலையை வியப்பவர்கள், கல்லைக் கொண்டுவந்து சேர்த்த தோள்கள் எந்தெந்தச் சாதிகளின் தோள்கள் என்றும் கேட்க வேண்டும். நளவரும் பள்ளரும் கோவியரும் இல்லாமல் எந்தச் சுவரும் எழவில்லை.

அந்தச் சுவருக்குள்ளே இருந்தவர்களும் பெரிய வாழ்வு வாழவில்லை. கம்பனிச் சிப்பாயின் சம்பளம் மாதம் 9 கில்டர். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஒல்லாந்தர் என்று நாம் சொன்னாலும் அவர்களில் பெரும்பகுதி ஜெர்மன் நாடுகளிலிருந்தும் சுவிஸ் மலைகளிலிருந்தும் ஸ்கந்தினேவியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். துறைமுகத்தில் கடன் கொடுத்துச் சோறு போட்டு ஆளைக் கம்பனிக்குத் தள்ளிவிடும் தரகர்களுக்கு ஒல்லாந்து மொழியில் ஆன்மா விற்பவர் என்றே பெயர். நூரன்பர்க் நகரத்து யொஹான் யாக்கொப் சார் அப்படிப் போன ஒருவர். 1655–56 கொழும்பு முற்றுகையில் சண்டையிட்டவர். பதினைந்து ஆண்டுச் சேவகத்தை 1662இல் புத்தகமாக்கினார். பேர்ண் நகரத்து அல்பிரெக்ட் ஹெர்ப்போர்ட் ஓவியம் பயின்றுவிட்டுச் சிப்பாயானவர். 1669இல் வெளிவந்த தன் பயண நூலுக்குத் தானே படம் வரைந்தார். சிப்பாய்கள் எழுதியதை வாசித்தால் விந்தொலாந்தாவிலிருந்து நாம் அதிக தூரம் வரவில்லை என்று தெரியும். உடுப்பு, சாராயம், காய்ச்சல், வராத சம்பளம், வராத கடிதம்.

கடற்கோட்டைக் காவல் இவற்றிலும் ஒரு தனி வகை. நான்கு பக்கமும் தண்ணீர், எதிரே ஊர்காவற்றுறைக் கரையில் தெரியும் விளக்கு, வாய்க்காலில் நுழையும் ஒவ்வொரு வள்ளத்தையும் பார்ப்பது. மேற்குக் கடலிலிருந்து யாழ்ப்பாணக் களப்புக்குள் நுழையும் வழி இந்தக் கோட்டையின் பீரங்கி வாய்க்குள் இருந்தது. நல்ல தண்ணீர் கரையிலிருந்து வர வேண்டும். கொண்டுவருவதும் ஊர்ச்சனம்தான்.

உரோமப் படையாள் சேவை முடியும்வரை சட்டப்படி மணம் செய்ய முடியாது. செப்திமியுஸ் செவெருஸ் காலத்தில், கி.பி. 197 அளவில்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதற்கு முன்பும் கோட்டை வாசலில் குடும்பங்கள் இருந்தன என்பது வேறு கதை. கம்பனி இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. ஞானஸ்நானம் பெற்ற பெண்ணாக இருந்தால் சிப்பாய் மணக்கலாம். மணந்தவன் ஊர் திரும்பாமல் நிற்பான் என்பது கணக்கு. போர்த்துக்கேயர் விட்டுப்போன குடும்பங்களில் பலர் பெண்ணெடுத்தார்கள். விளைவு, ஒல்லாந்தக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் வீடுகளில் பேசப்பட்டது போர்த்துக்கேயக் கலப்புமொழி. சண்டையில் தோற்றவனின் மொழி சமையலறையில் வென்றது. நாம் பறங்கியர் என்று சொல்லும் சமூகத்தின் வேர் இங்கேயும் இருக்கிறது. தன் மனைவியின் கல்லில் பால்மைரா எழுத்தை வெட்டுவித்த பராத்தசுக்கு இந்த வீடுகள் அந்நியமாகத் தோன்றியிரா.

படங்கள் விஷயத்தில் இரண்டு வகையைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 1662 அளவில் கம்பனி வேலையாய் இலங்கைக்கு வந்த எசையாஸ் பூர்ஸ் என்னும் அம்ஸ்டர்டாம் ஓவியர், கொழும்பு வட்டாரத்தில் தெருச்சனத்தைக் குறிப்பேட்டில் கீறி வைத்தார். வேலை செய்கிறவர்கள், நிற்கிறவர்கள், குந்தியிருக்கிறவர்கள். அந்தக் குறிப்பேடு இன்று அம்ஸ்டர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறுக்கு மேற்பட்ட கோட்டுப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் ஆளாகவே தெரிகிறான். அவர் நம் தீவுப்பக்கம் வந்து கீறியிருந்தால் நமக்கு வேறொரு வரலாறு கிடைத்திருக்கும்.

நமக்குக் கிடைத்தது பல்தேயுஸ். டெல்ஃப்ட் நகரத்தில் 1632இல் பிறந்தவர். தன் ஊர்ப்பெயர் தாங்கிய தீவு தெரியும் கடலுக்கு அருகில் எட்டு ஆண்டுக் காலத்தைக் கழித்தவர். தமிழ் கற்றார். 1672இல் அம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய பெருநூலில் தமிழ் எழுத்துகள் உண்டு, தமிழில் கர்த்தர் கற்பித்த செபம் உண்டு. ஐரோப்பாவில் அச்சேறிய ஆரம்பகாலத் தமிழில் அதுவும் ஒன்று. கோட்டைகளும் யாழ்ப்பாணத்து ஊர்களின் தேவாலயங்களும் செப்புத்தகட்டுப் படங்களாக இருக்கின்றன. அழகான படங்கள். ஆனால் அவற்றில் கட்டடம் பெரிது, மனிதர் சிறிது. தகட்டில் வெட்டியவர்கள் இந்தக் கரையைக் கண்டவர்களல்லர். ஒல்லாந்து வானத்தின் கீழே யாழ்ப்பாணக் கோயில் நிற்கிறது. தமிழரை மலபாரிகள் என்று ஒரே பெயரில் அடக்கிய எழுத்துக்கு ஏற்ற படம். பல்தேயுஸ் இல்லாவிட்டால் நமக்கு அந்தக் காலம் பாதி இருட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவருடைய படங்களை நம் பாடநூல்களில் நம் முகமாக அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை.

எல்லைக் காவலை எழுத்தாக்கும் விதம் இந்தத் தீவுகளில் வேறாகவும் இருந்ததுண்டு. நயினாதீவுக் கல்வெட்டை மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகு அதைத் தமிழில் வெட்டுவித்தான். பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் தரப்படும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. அதே பராக்கிரமபாகு ஊராத்துறையில் படை திரட்டிக் கப்பல் கட்டியதையும், சோழர் பக்கத்தார் வந்து அழித்ததையும் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. அவனும் போர்க்காரன்தான்; நல்லவன் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் கரையில் இறங்குகிறவனுக்கு விளங்கும் மொழியில் அவன் பேசினான்.

நெடுந்தீவார் தங்கள் பக்கத்துக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அங்கே முருகைக்கல்லால் கட்டிய பறங்கிக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. அதை மீகாமன் கோட்டை என்றும் சொல்வார்கள். மேற்கே இன்னோர் இடிபாட்டுக்கு வெடியரசன் கோட்டை என்று பெயர். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனும் அவனை எதிர்த்த முக்குவத் தலைவன் வெடியரசனும் கண்ணகி வழக்குரைக் கதையில் வருபவர்கள். வந்தவன் கட்டிய கோட்டையைத் தன் கதைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டது அந்த ஊர். தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டவர்களுக்கு அது பதில் மரியாதை.

உரோமப் படையாளே நேரில் வந்து நின்ற இடமும் ஒன்று உண்டு: கூத்துக் களரி. யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் செபஸ்தியாரும் எஸ்தாக்கியாரும் கூத்தாக ஆடப்பட்டவர்கள். செபஸ்தியார் தியோக்கிலேசியன் காலத்து உரோமப் படையாள். எஸ்தாக்கியார் திராயான் காலத்துப் படைத்தளபதி என்பது மரபுக் கதை. ஒருவர் அம்பு தைத்து நிற்கிறார், மற்றவர் பதவி, மனைவி, பிள்ளைகள் எல்லாம் இழந்து அலைகிறார். இருவரும் அரசனுடைய படையில் இருந்துகொண்டே அரசனுக்கு மறுத்தவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டிருந்தது. குருமார் ஒளிந்து திரிந்தார்கள். 1687இல் யோசே வாஸ் அடிகளார் மாறுவேடத்தில்தான் யாழ்ப்பாணம் வந்தார். அந்த நினைவுள்ள சனத்துக்கு இந்த இரண்டு படையாட்களின் கதை ஏன் பிடித்தது என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தபோதும், தலைக்கவசமும் ஈட்டியுமாய் உரோமச் சேவகர் நின்றார்கள். பார்த்திருந்த சனத்துக்கு ஈட்டிக்காரனை அடையாளம் காணச் சிரமமில்லை.

ஒல்லாந்தரின் முடிவு எதிர்பாராத அழகோடு வந்தது. 1795 யனவரியில் பிரெஞ்சுப் படை உள்ளே வர, ஒல்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. வைத்த பெயர் பத்தாவியக் குடியரசு. இருநூறு ஆண்டுக் கனவு அரச முத்திரையில் ஏறிய வருடம் அது. நாட்டை விட்டு ஓடிய தலைவர் இங்கிலாந்தின் கியூவிலிருந்து, குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும்படி கடிதம் எழுதினார். செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டை கேணல் ஸ்ருவட்டிடம் பெரிய சண்டையில்லாமல் போனது. லெய்டன், அம்ஸ்டர்டாம், மிடில்பர்க் எல்லாம் அதோடு கைமாறின.

கடற்கோட்டை அதன் பிறகு சிறையாயிற்று. 1971 கிளர்ச்சியின்போது ஜே.வி.பி. சந்தேகநபர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். இன்று கடற்படையின் கையில் விடுதியாக இருக்கிறது. அறை வாடகைக்குக் கிடைக்கும். எதிரே காரைநகரில் உள்ள கடற்படைத் தளத்தின் பெயர் எலாற. எல்லாளனின் பெயர்தான். தீவுக்குக் காவலர் பெயரிடும் வழக்கம் நின்றுபோகவில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இந்த அத்தியாயத்துக்குக் கம்பனிக்காரர் எழுதியதும் வரைந்ததும் தாராளமாகக் கிடைக்கின்றன. தீவகத்துச் சனம் ஆடிய கூத்துகளின் பிரதிகள் அப்படிக் கிடைப்பதில்லை. 1990களில் தீவகம் இடம்பெயர்ந்தபோது அண்ணாவிமார் வீடுகளில் இருந்த கொப்பிகள் பெட்டிகளோடு போய்விட்டன. மெலிஞ்சிமுனை, நாரந்தனை, கரம்பன், நெடுந்தீவு, மண்டைதீவுப் பக்கத்தார் யாரிடமாவது, கொழும்பிலோ கனடாவிலோ பிரான்சிலோ, செபஸ்தியார், எஸ்தாக்கியார் கூத்துக் கொப்பிகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும். நூலக நிறுவனத்தார் அவற்றை மின்பிரதி எடுத்துப் பாதுகாக்கிறார்கள்; கொப்பி உங்களிடமே திரும்பி வரும்.

அடுத்த இதழில்: சுவிஸ் நாட்டு தெ மெயுரோன் படையணி 1795இல் கட்சி மாறிய கதை.